மார்க் 3ஆ, மார்க் 4ஆ? கேமரா வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கல்யாண சீசன் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, ஏ7 மார்க் 3 பழசு ஒன்னு நல்ல விலைக்கு வருது. மார்க் 4 புதுசுன்னா லோன் போடணும். எதை எடுக்கட்டும்?" கேட்பவர்கள் என்னோடு வேலைக்கு வரும் தம்பிகள், இல்லையென்றால் அம்மாபேட்டை, ஓமலூர் பக்கம் சொந்தமாக ஸ்டுடியோ போட நினைப்பவர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எதையெல்லாம் ஒப்பிட்டுக் குழம்பினோமோ, அதே பட்டியலோடு இவர்களும் வருகிறார்கள்.

பில் வாங்குவது, வாரண்டி பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். இங்கே அதிகம் கேட்கப்படுவது சோனியின் இந்த இரண்டு கேமராக்கள் என்பதால் அவற்றையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். வேறு கம்பெனியின் பழையது, புதியது என்று யோசிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மெகாபிக்சலை வைத்து முடிவெடுப்பது

மார்க் 3இன் 24க்கும் மார்க் 4இன் 33க்கும் பெரிய தூரம்போலத் தெரியும். படத்தின் அகலத்தைப் பார்த்தால் ஒன்று 6000 பிக்சல், மற்றது 7008. சுமார் 17 சதவீதம்தான் கூடுதல். ஆல்பத்தில் தெரியாது, ஹார்ட் டிஸ்கில் தெரியும்.

நூறு சதவீதம் பெரிதாக்கி நாய்ஸ் தேடுவது

நாய்ஸ் என்பது படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள், கிரெய்ன் என்பதும் அதுதான். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். அதற்கு முன் எதுவும் பேசாதீர்கள்.

"லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கடையில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், தொழிலில் பழுத்தவர்களே சிலர் சொல்கிறார்கள்: "முதல்ல நல்ல பாடியா எடுத்துடு, லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்." பாடி என்றால் லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. சொல்கிறவர் யாரும் தவணை கட்டப் போவதில்லை.

ஓமலூர் ரோட்டில் ஒரு மண்டபம். விடிவதற்கு முன்பே முகூர்த்தம். எனக்குத் துணையாக வந்த தம்பி புது மார்க் 4 கொண்டுவந்திருந்தார். தவணையில் எடுத்தது. பணமெல்லாம் பாடிக்கே போய்விட்டதால் அதில் பாடியோடு சேர்த்துத் தரும் 28-70 கிட் லென்ஸ்தான். என் கையில் மார்க் 3, அதில் டாம்ரானின் 28-75 எஃப் 2.8 லென்ஸ். ஹோமப் புகை, மஞ்சள் விளக்கு, ஒரு ஓரத்தில் வீடியோக்காரர்களின் எல்.இ.டி. இருவரும் மணமேடைக்கு ஒரே பக்கம்தான் நின்று எடுத்தோம். சாயங்காலம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "புதுசு வாங்கியும் இவ்வளவு கிரெய்ன் வருதேண்ணா. பாடியில ஏதாச்சும் கோளாறா இருக்குமா?"

பாடியில் ஒரு கோளாறும் இல்லை. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அகலமாகத் திறக்கும். அந்தக் கிட் லென்ஸை 70க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 2.8இலிருந்து 5.6 என்றால் இரண்டு ஸ்டாப். அதாவது எனக்கு வந்த வெளிச்சத்தில் கால் பங்குதான் அவர் சென்சாருக்குப் போயிருக்கிறது. ஒரே ஷட்டர் ஸ்பீடில் எனக்கு ஐ.எஸ்.ஓ. 3200 போதுமாக இருந்த இடத்தில் அவருக்கு 12800 தேவைப்பட்டது. அந்தக் கிரெய்ன் அங்கிருந்துதான் வந்தது.

இனி கேமராவின் பக்கம் வருவோம். மார்க் 3 வந்தது 2018இல். மார்க் 4 வந்தது 2021இல். இந்த இடைவெளியில் சென்சார் இரண்டு ஸ்டாப் முன்னேறவில்லை. ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் இரண்டின் நாய்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை மார்க் 3இன் சென்சாரே பிடித்துவிடுகிறது. அடுத்த மாடல் புதிதாகப் பிடிக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் லென்ஸை மாற்றினால் வரும் வித்தியாசம் அப்படியில்லை. 5.6இலிருந்து 2.8க்கு வந்தால் நாலு மடங்கு வெளிச்சம். 85 மி.மீ. எஃப் 1.8 போட்டால் 12800 வேண்டிய இடத்தில் 1250, 1300 போதும். எந்தக் கம்பெனியின் எந்தப் புது மாடலும் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு இதைத் தராது.

"ஃப்ளாஷ் இருக்கே அண்ணா" என்பார்கள். மேடையில் குடும்பத்தோடு நிற்கவைத்து எடுக்கும்போது சரி. உயரமான கூரையுள்ள மண்டபத்தில் மேலே திருப்பி அடித்தால் பாதி வெளிச்சம் திரும்பி வருவதில்லை. நேராக அடித்தால் ஹோமத்தின் மஞ்சள் வெளிச்சம் செத்துப்போகும். "ஸ்டெபிலைசேஷன் புதுசுல நல்லாருக்குமாமே" என்பார்கள். சோனி சொல்லும் கணக்கில் மார்க் 3க்கு 5 ஸ்டாப், மார்க் 4க்கு 5.5. நம் கை நடுக்கத்தைத்தான் அது அடக்கும். அட்சதை போடுகிற கையையோ, சிரித்துத் திரும்புகிற கல்யாணப் பெண்ணின் முகத்தையோ அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் ஸ்பீடு வேண்டும், ஸ்பீடுக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்கு லென்ஸ் வேண்டும்.

அடுத்த ரிசப்ஷனில் என் டாம்ரானை அவர் பாடியில் போட்டுக் கொடுத்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, படங்கள் அருமையாக வந்தன. ஆனால் சிக்கல் அதோடு தீரவில்லை. பெட்டியைப் பிரித்த பாடியை விற்றால் வாங்கிய விலைக்குப் போகாது. லென்ஸ் வாங்கக் கையில் பணமில்லை. இப்போது மாதம் பாடிக்குத் தவணை கட்டுகிறார், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் லென்ஸை வாடகைக்கு எடுக்கிறார். உழைக்கிற பையன். அவரிடம் யாராவது ஒருவர் வாங்கும் முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய மார்க் 3க்கும் புது மார்க் 4க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பாலும் ஒரு நல்ல எஃப் 2.8 ஜூம் வந்துவிடும். நாளைக்குப் பாடியை மாற்றினாலும் அந்த லென்ஸ் உங்களோடு வரும். ஆகவே பாடியோடு பாடியை ஒப்பிடாதீர்கள். பாடி, லென்ஸ், இரண்டாவது பேட்டரி, இரண்டு கார்டு, ஃப்ளாஷ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, செட்டோடு செட்டை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே எஃப் 2.8 லென்ஸ் வைத்திருக்கிறீர்களா, அப்போதுதான் எந்தப் பாடி என்ற கேள்வியே ஆரம்பிக்கிறது.

கடை வெளிச்சத்தில் சோதிப்பது

கடையில் பளீரென்று விளக்கு எரியும். அங்கே எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். போதாததற்கு இரண்டிலும் ஆட்டோ போட்டு, வெவ்வேறு லென்ஸில், பின்பக்கத் திரையில் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். திரையும் வேறு, நிறமும் வேறு, ஜேபெக் பக்குவமும் வேறு. அதில் என்ன தெரியும்?

இரண்டுக்கும் ஒரே மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம். ஒரே லென்ஸைக் கழற்றி மாட்டி, மேனுவலில் ஒரே அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. வைத்து, கேமரா பக்குவம் செய்யாத ரா ஃபைலாக எடுங்கள். முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தொல்லை கொடுக்கிற வெளிச்சத்துக்கே போங்கள். ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை ராத்திரி ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். அலங்கார விளக்குகள், நகரும் வண்டி, மேலே சாமி வேஷத்தில் அசையும் ஆட்கள். 1/250க்குக் கீழே இறங்க முடியாது. ஒரு கேமராவைப் பற்றித் தெரிய வேண்டியது பாதிக்கு மேல் அங்கேயே தெரிந்துவிடும்.

சத்தமில்லாமல் எலக்ட்ரானிக்காக எடுக்கும் சைலன்ட் ஷட்டரையும் அங்கேயே பாருங்கள். இந்த இரண்டு கேமராவின் சென்சாரும் மெதுவாகத்தான் படிக்கும். எல்.இ.டி. வெளிச்சத்தில் சைலன்ட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். புதியதை வாங்கினால் இது போய்விடும் என்று நம்பி வாங்காதீர்கள். மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டர்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 வைத்தால் தொல்லை குறையும்.

உண்மையிலேயே மாறியிருப்பதைக் கவனிக்காமல் விடுவது

புதியது வீண் என்று நான் சொல்லவில்லை. ஃபோகஸில் மார்க் 4 தெளிவாக ஒரு படி மேல். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் நிழல், மிளகுக் கொடி, நடுவில் ஒரு செம்மீசைச் சின்னான் கிளைக்குக் கிளை தாவுகிறது. மார்க் 4 பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து அதோடு கூடவே போகும். மார்க் 3க்கு 2019 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேர் 3.0 (கேமராவுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) விலங்குகளின் கண்ணைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. பறவை அதில் சேரவில்லை. பறவைதான் உங்கள் வேலை என்றால் தயங்காமல் புதியதற்குப் போங்கள்.

வீடியோவும் அப்படித்தான். 10 பிட் நிறமும், நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் 4கே 60ம் மார்க் 4இல்தான் உண்டு. அந்த 60இல் படத்தில் அடங்கும் பரப்பு குறுகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சின்ன மண்டபத்தில் பின்னால் நகர இடம் இருக்காது. போட்டோ மட்டும் எடுப்பவருக்கு இந்த இரண்டுக்காகவும் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு விஷயம். ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டில் காலைப் பனிமூட்டத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது என்று கேமராவைக் குறை சொல்லாதீர்கள். பனியில் கான்ட்ராஸ்ட் இல்லை. பழையதும் அலையும், புதியதும் அலையும். கருப்பாகத் தெரிகிற ஒரு மரத்தின் விளிம்பைப் பிடியுங்கள்.

பேட்டரி

இரண்டுக்கும் ஒரே பேட்டரி. ஆனால் கம்பெனிக் கணக்கில் மார்க் 3க்கு 710 படம், மார்க் 4க்கு 580.

மவுன்ட்

விலை குறைவாக இருக்கிறதே என்று கேனான் எம்50 வாங்குபவர்கள், அந்த லென்ஸ்கள் கேனானின் ஆர் வரிசை கேமராவில் ஏறாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டரை மறந்துவிடுவது

நம் ஊரில் இன்னும் பல ஆல்பம் டிசைனர்கள் போட்டோஷாப் சி.எஸ்.6தான் வைத்திருக்கிறார்கள். அதில் மார்க் 3இன் ரா ஃபைலும் திறக்காது, மார்க் 4இன் ஃபைலும் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் கன்வர்ட்டரில் டி.என்.ஜி. என்ற பொதுவான ரா ஃபைலாக ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் 10 பிட் 4கே வீடியோ தவழும். ப்ராக்சி (சின்ன அளவு நகல்) செய்து எடிட் பண்ணப் பொறுமை இருக்கிறதா என்று யோசியுங்கள். 33 மெகாபிக்சலில் ஃபைல் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும் என்பதால் ஒரு சீசனுக்கு வாங்கும் ஹார்ட் டிஸ்கும் அந்த அளவு கூடும். இதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பழையது வாங்குவது

மார்க் 3இன் ஷட்டருக்குச் சோனி சொல்லும் ஆயுள் சுமார் 2,00,000 படம். விற்பவர் 40,000 என்று சொன்னதும் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். அந்தப் பாடி வீடியோவுக்கே ஓடியிருந்தால் அந்த எண் ஏறாது. எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிள் ஆடுகிறதா, ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ தேய்ந்திருக்கிறதா, கார்டு மூடி சரியாக அடைகிறதா, இரண்டு கார்டிலும் எழுதுகிறதா என்று பாருங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசி, கீறல் எல்லாம் தெரியும்.

லென்ஸும் சேர்த்து வாங்குவதாக இருந்தால், குறிப்பாக மலைமேல் இருந்தவரிடம் வாங்கினால், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து பின்னாலிருந்து போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஏற்காட்டின் ஈரத்தில் மூடிய பைக்குள் மழைக்காலம் முழுக்கக் கிடந்த லென்ஸில் பூஞ்சை மெல்லிய நூல்போல ஓடியிருக்கும். விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பூஞ்சையைத் துடைத்து எடுத்துவிடலாம், கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது.