மைல்டு ஹைப்ரிட் காரின் மின்பாகங்கள்: பார்த்தும் அளந்தும் புரிந்துகொள்ளும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடும் எர்டிகா, சியாஸ், கிராண்ட் விட்டாரா போன்ற கார்களில் பல, மைல்டு ஹைப்ரிட், அதாவது எஞ்சினுக்குச் சிறிய மின்கருவி ஒன்று துணை நிற்கும் அமைப்பு, கொண்டவை. இத்தகைய காரை வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, வண்டி எப்போது கரண்டில் ஓடும் என்பதுதான். பொதுவாக இவ்வகைக் கார் தனியாக மின்சாரத்தில் ஓடாது. அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அன்று. எஞ்சின் எப்போது மின்சாரம் உற்பத்தி செய்ய வேண்டும், எப்போது செய்யக்கூடாது, எப்போது அணைந்தே இருக்கலாம் என்பதை முடிவு செய்வதே இந்த அமைப்பின் முதன்மையான வேலை. சக்கரத்துக்குத் தரும் சிறிய உந்துதல் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. இதை மனத்தில் கொண்டு பார்த்தால் ஒவ்வொரு பாகத்தின் வேலையும் விளங்கும். சர்வீஸ் நிலையத்தில் எது உண்மையான பழுது, எது இயல்பான நடத்தை என்று பிரித்துக் கேட்கவும் முடியும்.

முதலில் பாகங்களை நேரில் அடையாளம் காண வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்து, புஷ் பட்டன் கார் என்றால் சாவியைக் காரிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, அதன் பின்னரே பானெட்டைத் திறக்க வேண்டும். சிக்னலில் தானாக நின்ற எஞ்சின் தானாகவே மீண்டும் கிளம்பக்கூடியது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. எஞ்சினின் பெல்ட் ஓடும் பக்கத்தில், சாதாரண ஆல்டர்நேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் தடித்த கேபிளோடும் ஒரு கருவி தெரியும். ஒருங்கிணைந்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், சுருக்கமாக ஐ.எஸ்.ஜி., என்பது அதுதான். மாருதி சுசூகி நிறுவனம் 2015ஆம் ஆண்டு சியாஸ் டீசல் காரில் எஸ்.எச்.வி.எஸ். என்ற பெயரில் இதை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதன் பெல்ட் டென்ஷனரையும் கவனியுங்கள். சாதாரணக் காரில் எஞ்சின் மட்டுமே பெல்ட்டை இழுக்கும். இங்கே சில நேரம் எஞ்சின் ஐ.எஸ்.ஜி.யை இழுக்கிறது, சில நேரம் ஐ.எஸ்.ஜி. எஞ்சினை இழுக்கிறது. இரு திசையிலும் பெல்ட் தொய்யாமல் பிடிக்க வேண்டியிருப்பதால் டென்ஷனரும் பெல்ட்டும் தனி வகையைச் சேர்ந்தவை. செம்மண் சாலையில் புழுதி ஏறி பெல்ட் கிரீச்சிடத் தொடங்கியதும் கைக்குக் கிடைத்த சாதாரண ஆல்டர்நேட்டர் பெல்ட்டை மாட்டுவது இந்த வண்டிக்குச் செய்யும் முதல் கெடுதல்.

ஐ.எஸ்.ஜி.யின் உள்ளே, வெளிப்புறம் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் மூன்று கட்டச் செப்புச் சுருள்கள் உள்ளன. நடுவில் சுழலும் ரோட்டரில் தனியாக ஒரு காந்தச் சுருள் இருப்பது பரவலான அமைப்பு. ரோட்டர் சுருளுக்குச் செல்லும் சிறிய மின்னோட்டத்தைக் கூட்டினால் காந்தப்புலம் வலுத்து மின் உற்பத்தி கூடுகிறது. குறைத்தால் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோகிறது, எஞ்சின் மீதான சுமையும் இறங்குகிறது. ஸ்டேட்டரை பேட்டரியோடு இணைப்பது மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணு சுவிட்சுகளால் ஆன இன்வெர்ட்டர். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கட்ட மாறுமின்சாரமாக்கி ஸ்டேட்டருக்கு அனுப்பினால் அந்தக் கருவி மோட்டாராகிறது. சுழற்சியால் பிறந்த மாறுமின்சாரத்தை அதே சுவிட்சுகள் நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பினால் ஜெனரேட்டராகிறது. எந்தக் கணத்தில் எந்தச் சுவிட்சைத் திறப்பது என்பதை அறிய, ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் ஒன்றும் உண்டு.

பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரும் பெரும்பாலான 12 வோல்ட் கார்களில் நீக்கப்படவில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியை விடியற்காலையில் கிளப்பும்போது கேட்கும் கரகர ஓசை அந்த மோட்டாரின் பற்சக்கரத்துடையது. அதே வண்டி பகலில் புதிய பேருந்து நிலையத்தின் முன் நெரிசலில் நின்று மீண்டும் கிளம்பும்போது அந்த ஓசை வராது. கிளட்ச்சை மிதித்த உடனே எஞ்சின் சத்தமின்றி விழித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது வேலையைப் பெல்ட் வழியாகச் செய்வது ஐ.எஸ்.ஜி. ஆகவே காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்ற புகாரையும், சிக்னலில் தானாகக் கிளம்பவில்லை என்ற புகாரையும் மெக்கானிக்கிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

அடுத்தது அளந்து பார்ப்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் போதும். எண்களை ஓட்டுநர் பார்க்காமல் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் படிக்க வேண்டும். சாதாரணக் காரில் எஞ்சின் ஓடும்வரை 14 வோல்ட்டை ஒட்டியே எண் நிற்கும். மைல்டு ஹைப்ரிட் காரில் அது ஓரிடத்தில் நிற்காது. குன்றக்குடிச் சாலையில் சீரான வேகத்தில், பேட்டரி நிறைந்த நிலையில் செல்லும்போது 12.5க்கும் 13க்கும் இடையில் எண் இறங்கியிருக்கக் காணலாம். தேவையில்லாதபோது எஞ்சின் மீது மின் உற்பத்திச் சுமையை ஏற்றாமல் விடுவதன் அடையாளம் அது. முன்னே மாடு குறுக்கிட, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எண் 14ஐத் தாண்டி ஏறும். வேகம் குறைந்து வண்டி நிற்கும் வரை அந்த உயரம் நீடித்து, எஞ்சின் அணைந்ததும் 12 சொச்சத்துக்கு இறங்கி, மெல்ல மெல்லக் கரையும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு ஆல்டர்நேட்டர் பழுது என்று முடிவு கட்டிய கடைக்காரர்கள் உண்டு. ஏற்ற இறக்கமே இல்லாமல் எந்நேரமும் ஒரே எண் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். பேட்டரியின் நிலை மோசமானதால் கட்டுப்பாட்டு அலகு, அதாவது இவற்றையெல்லாம் முடிவு செய்யும் காரின் கணினி, சிக்கன உத்தியைக் கைவிட்டு ஓயாமல் சார்ஜ் செய்கிறது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது உண்மையில் எவ்வளவு மின்சாரம் திரும்பக் கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விளம்பரங்களில் மிகைப்படுத்தப்படுவது இந்த இடம்தான். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 1,35,000 ஜூல். ஐ.எஸ்.ஜி. 2 கிலோவாட் அளவில் 8 நொடிகள் மின்சாரம் உற்பத்தி செய்தது என்று கொண்டால் கிடைப்பது 16,000 ஜூல். மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மீதி பிரேக் பேடின் சூடாகவும், எஞ்சினின் உராய்வாகவும், காற்றின் தடையாகவும் போய்விடுகிறது. வண்டி நின்றபின் ஏசியின் காற்றாடி, விளக்கு, ஆடியோ எல்லாம் சேர்ந்து 300 வாட் எடுத்தால், இழப்புகளைக் கணக்கில் சேர்க்காமலே, அந்த 16,000 ஜூல் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பழைய நகரத்தார் வீட்டுப் பேரேட்டில் வரவையும் பற்றையும் அன்றன்றே எழுதிச் சரிபார்ப்பதுபோல, கட்டுப்பாட்டு அலகு இந்தக் கணக்கை ஒவ்வொரு நொடியும் எழுதிக்கொண்டே இருக்கிறது.

செட்டிநாடு பெரும்பாலும் சமவெளி. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போய் வருபவருக்கு இந்த அமைப்பால் மைலேஜில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதே என் கருத்து; கடைத்தெருவில் நின்று நின்று ஓட்டுபவருக்குத்தான் பயன் தெரியும்.

கணக்கு எழுதுவதற்கு அலகுக்குக் கண்ணாக இருப்பது, ஈய அமில பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கவ்வியிருக்கும் சிறு சென்சார். மின்னோட்டம், வோல்டேஜ், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. பேட்டரிக்குள் போகும் கரண்டும் வெளிவரும் கரண்டும் அதன் வழியாகவே செல்ல வேண்டும். கூடுதல் ஹாரன், ஃபாக் லைட், பெரிய ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றை மாட்டும் கடைகளில் எர்த் கம்பியை நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனையில் முறுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்தக் கருவிகள் எடுக்கும் கரண்ட் சென்சாரின் பார்வைக்கே வராது. நிறைந்திருப்பதாக அலகு நம்பும் பேட்டரி உண்மையில் பாதியாக இருக்கும். எர்த்தைக் காரின் பாடியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சிக்னலில் எஞ்சின் தானாக அணைவதில்லை என்ற புகாருக்கு, குறிப்பாக சித்திரை, வைகாசி மாதங்களில், பெரும்பாலும் ஏசியே காரணம். கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால், உட்புறம் போதுமான அளவு குளிரும்வரை எஞ்சினை அணைக்க அலகு சம்மதிக்காது. சீட் பெல்ட் போடாமை, எஞ்சின் இன்னும் சூடேறாமை, பேட்டரியின் சார்ஜ் குறைவு ஆகியவையும் அதைத் தடுக்கும். மாலையில் ஏசியை அணைத்து அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அணையவில்லை என்றால்தான் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். வண்டியை நான்கைந்து மணி நேரம் நிறுத்திவைத்தபின் மல்டிமீட்டரில் 12.6 அல்லது 12.7 வந்தால் ஈய அமில பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. மாற்றும்போது, அடிக்கடி அணைந்து கிளம்பும் வண்டிகளுக்கென்று செய்யப்பட்ட ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையில், கம்பெனி கொடுத்ததையே வாங்க வேண்டும். விலை குறைந்த சாதாரண பேட்டரியும் வண்டியைக் கிளப்பிவிடும். ஆனால் நாள்தோறும் பலமுறை சார்ஜ் ஏறி இறங்குவதைத் தாங்காமல் விரைவில் தளர்ந்துவிடும்.

இரட்டை பேட்டரி உள்ள கார்களில் இதோடு ஒரு சிறிய லித்தியம் அயான் பேட்டரியும் உண்டு. முன் இருக்கையின் அடியில் வைப்பது ஒரு வழக்கம். 12 வோல்ட், 6 ஆம்பியர் மணி அளவுள்ள அத்தகைய பேட்டரியில் அடங்குவது 72 வாட் மணி மட்டுமே. அளவு சிறிதானாலும் சில நொடிகளில் பாயும் பெரிய கரண்டை வாங்கிக்கொள்ள அதனால் முடியும். ஈய அமில பேட்டரிக்கு அந்த வேகம் இல்லை. தகடுகளில் நடக்கும் வேதிவினையின் வேகத்தைப் பற்றிய விஷயம் இது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஊரார் சிக்ரி என்று அழைக்கும் அந்த வளாகத்தில், ஆராயப்படும் துறையும் இதுவே. லித்தியம் பேட்டரியின் மூடியை வீட்டிலோ பட்டறையிலோ திறக்கவே கூடாது. அதற்குக் காற்றுத் துளை இருந்தால் விரிப்போ பையோ அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

48 வோல்ட் அமைப்பு சற்று வேறு. 2019இல் வந்த எம்.ஜி. ஹெக்டர் பெட்ரோல் ஹைப்ரிட் இதற்கு இந்திய எடுத்துக்காட்டு. 10 கிலோவாட் திறனை 12 வோல்ட்டில் கடத்த 830 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; 48 வோல்ட்டில் ஏறக்குறைய 208 போதும். கரண்ட் நான்கில் ஒன்றாகும்போது அதே கேபிளில் வெப்பமாக வீணாவது பதினாறில் ஒன்றாகிறது. விளக்கும் ஹாரனும் 12 வோல்ட்டிலேயே இயங்குவதால், 48ஐ 12ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று பழைய ஆல்டர்நேட்டரின் வேலையைச் செய்கிறது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு விதிக்கப்படும் ஆரஞ்சு நிறக் கேபிளும் கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகளும் இதற்குக் கட்டாயமில்லை. ஆனால் கரண்ட் ஓடும்போது 48 வோல்ட் இணைப்பைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி 12 வோல்ட்டில் போல உடனே அணையாது.

இனி, நம் ஊருக்கே உரிய நிலை ஒன்று. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கார் மாதக்கணக்கில் வளவு வீட்டில் நிற்கும். நிற்கும் வண்டியும் அலாரத்துக்கும் கட்டுப்பாட்டு அலகுகளுக்குமாகச் சிறிது கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கிறது. அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் மாதத்துக்கு 21.6 ஆம்பியர் மணி ஆகிறது; இரண்டே மாதத்தில் நடுத்தர பேட்டரி காலியாகிவிடும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைப்பதால் பயன் அதிகமில்லை. கிளப்புவதற்குச் செலவானதும் நின்றபோது போனதும் ஈடாக, ஊருக்கு வெளியே அரை மணி நேரமாவது ஓட்டிவர வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், பேட்டரி வகைக்கு ஏற்ற, தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரை மாட்டி வைக்கலாம். அதன் நெகட்டிவ் கவ்வியும் பாடியில்தான் போக வேண்டும்.

ஈய அமில பேட்டரியின் முனையைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. இரட்டை பேட்டரி வண்டியில் லித்தியம் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கும், ஆகவே கழற்றும் வரிசையைக் கையேட்டில் பார்த்தே செய்ய வேண்டும். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும் நிலை வந்தால், இரண்டு வண்டியையும் அணைத்துவிட்டு, சிவப்புக் கவ்வியை முதலில் காலியான ஈய அமில பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், அதன் மறுமுனையை உதவும் பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்புக் கவ்வியை உதவும் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டியபின், கடைசி முனையைக் காலியான வண்டியின் எஞ்சினிலோ பாடியிலோ உள்ள பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். உதவும் வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு செல்ஃப் அடியுங்கள். கிளம்பியதும் கவ்விகளை இதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். அன்றைய தினம் சிக்னலில் எஞ்சின் தானாக அணையாவிட்டால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம். பேட்டரி போதிய அளவு நிறைந்ததாக அந்தச் சென்சார் சொல்லும்வரை அலகு எஞ்சினை அணைக்காது.