எந்த வாத்தியம் சீக்கிரம் கைக்கு வரும்?

ஒரு வாத்தியம் சுலபமா கஷ்டமா என்று தெரிய ஒரே கேள்வி போதும்: சுருதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்களா, வாத்தியமா? வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டுகிற மெட்டு, அதாவது வீணையில் இருப்பது போன்ற குறுக்குக் கம்பி, கிடையாது, விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் அபசுரம்தான். புல்லாங்குழல் பார்க்கச் சாதுவாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் சுரம் இருக்கட்டும், முதலில் சத்தம் வரவேண்டுமே! ஆரம்பத்தில் வெறும் காற்றுதான் வரும், தலை வேறு கிறுகிறுக்கும். கஞ்சிராவும் இப்படித்தான் ஏமாற்றும். சின்னதாக இருக்கிறதே என்று எடுத்தால், மிருதங்கத்தில் இரண்டு கை செய்கிற வேலையை அங்கே ஒரு கை செய்தாக வேண்டும்.

சரி, அப்போ எதை எடுப்பது? வாத்தியாரிடம் போக நேரமில்லை, ஆனாலும் ஒரு பாட்டையாவது வாசித்துவிட வேண்டும் என்கிறவர்களுக்கு என் முதல் ஓட்டு மவுத் ஆர்கனுக்குத்தான். கடையில் 10 துளை உள்ளதாக, 'சி' சுருதியில் கேட்டு வாங்குங்கள். இரட்டை வரிசைத் துளைகளோடு நீளமாக ஒன்று தருவார்கள், அதில் சுர வரிசை வேறு மாதிரி இருக்கும், நான் சொல்கிற கணக்கு அதற்குப் பொருந்தாது. 4ஆம் துளையில் ஊதினால் ச, அங்கேயே மூச்சை உள்ளே இழுத்தால் ரி. 5இல் ஊதினால் க, இழுத்தால் ம. 6இல் ஊதினால் ப, இழுத்தால் த. 7இல் மட்டும் தலைகீழ், முதலில் இழுக்க வேண்டும், அது நி, அப்புறம் ஊதினால் மேல் ச. நான்கே துளையில் சங்கராபரண ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறு வரிசை, முழுசாக வந்துவிட்டது! 1 முதல் 3 வரை இப்போதைக்குத் தொடாதீர்கள், அங்கே மவும் தவும் கிடையாது, பாட்டைப் பாதியில் விட்டுவிடும். ஒரே நேரத்தில் இரண்டு துளை ஒலித்தால் விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவியுங்கள். பலமாக ஊதவும் வேண்டாம், சாதாரணமாக மூச்சு விடுகிற அளவே போதும்.

வாசிப்பதைவிடப் பாடுவதில்தான் ஆசை, பின்னால் ஏதாவது ஒலித்தால் போதும் என்றால் யுகுலேலே. 1879இல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் கொண்டுபோன குட்டி கிட்டாரிலிருந்து பிறந்தது இது. நான்கு நைலான் தந்திதான், கிட்டாரின் இரும்புத் தந்தி மாதிரி விரல் நுனியைப் பதம் பார்க்காது. தரைப் பக்கம் இருக்கும் கடைசித் தந்தியில் மூன்றாவது கட்டத்தில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடம், தலைப் பக்கமிருந்து எண்ணுங்கள்) மோதிர விரலை வைத்து எல்லாத் தந்தியையும் மீட்டினால் சி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு, உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் உள்ள தந்தியின் இரண்டாவது கட்டத்தில் நடுவிரல் வைத்தால் ஏ மைனர். அந்த விரலை அப்படியே விட்டு, தரையிலிருந்து இரண்டாவது தந்தியின் முதல் கட்டத்தில் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் எஃப். இதே எஃப் கார்டில்தான் கிட்டார் கற்க வந்தவர்களில் பலபேர் கிட்டாரை மூட்டை கட்டுகிறார்கள், அதில் ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அமுக்க வேண்டும். புது யுகுலேலே முதல் சில நாட்களுக்குச் சுருதி விலகிக்கொண்டே இருக்கும், தந்தி இழுபட்டு நிலைக்கும் வரை அப்படித்தான், ரிப்பேர் என்று கடைக்கு ஓடாதீர்கள். கைப்பேசியில் இலவச டியூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சரிபார்த்துவிட்டு வாசியுங்கள். தடித்த விரல்காரர்கள் சோப்ரானோ என்கிற சின்ன அளவை விட்டு, அதற்கு அடுத்த அளவான கான்சர்ட் வாங்குவது நல்லது.

கீபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கட்டையை அமுக்கினால் சரியான சுரம் வரும், அது போதாதா? வாங்கினால் 61 கட்டை உள்ளதை வாங்குங்கள், குழந்தைகளுக்கான குட்டிக் கட்டை மாடல் வேண்டாம், பிறகு பெரியதில் விரல் தடுமாறும். டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தால், விரலை மாற்றாமலே உங்கள் குரல் சுருதிக்கு மாற்றிக்கொள்ளலாம். வலது கையில் மெட்டு வருவது சீக்கிரம், இடது கையும் சேரும்போதுதான் நிஜமான வேலை ஆரம்பிக்கும். கர்நாடக சங்கீதம்தான் குறி என்றால் மட்டும் யோசியுங்கள், கட்டைகளில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, உட்காராது.

பழசாக வாங்கினால் காசு மிச்சம்தான். கீபோர்டு என்றால் ஒவ்வொரு கட்டையையும் அமுக்கிப் பாருங்கள். யுகுலேலே என்றால் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மவுத் ஆர்கனை மட்டும் அடுத்தவர் வாயிலிருந்து வாங்காதீர்கள், புதுசே வாங்குங்கள்.