நெருக்கடி நேரத்தில் தத்துவமும் ஃப்ராய்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை போனபோது, உறவு முறிந்தபோது, நெருங்கிய ஒருவர் இறந்தபோதுதான் பலர் தத்துவத்தையும், மனதில் மறைந்திருப்பதைப் பேசிப் புரிந்துகொள்ளும் சிகிச்சைமுறையான உளப்பகுப்பாய்வையும் தேடி வருகிறார்கள். வருவதில் தப்பே இல்லை. வலி உடனே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். ஹிஸ்டீரியா (மன நெருக்கடி உடல் நோய் போல வெளிப்படும் நிலை என்று அன்று கருதப்பட்டது) தரும் பெருந்துயரத்தைச் சாதாரண வருத்தமாக மாற்ற முடிந்தாலே பெரிய லாபம் என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட் 1895-இலேயே எழுதிவிட்டார். அதற்கு மேல் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

இதைவிட ஆபத்தானது, நம்பிக்கைக்குத் தேதி குறிப்பது. நாஜி வதைமுகாமில் இருந்து உயிர் தப்பிய மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்க்ல் தன்னுடன் இருந்த ஒரு கைதியைப் பற்றிச் சொல்கிறார். 1945 மார்ச் 30 அன்று தங்கள் துன்பம் முடிந்துவிடும் என்று அவர் கனவு கண்டு, அதை அப்படியே நம்பினார். நாள் நெருங்கியது, விடுதலைக்கான அறிகுறி எதுவும் இல்லை. 29 அன்று காய்ச்சல் கண்டது, 31 அன்று இறந்தார். டைஃபஸ்தான் நோய். ஆனால் ஏமாற்றம் அவருடைய உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைத்துவிட்டது என்பது ஃப்ராங்க்லின் கருத்து. அதை மருத்துவ நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும், 'இந்த மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும்' என்பது வெறும் கணிப்பு. கணிப்பு பொய்த்தால் அதையே பிடித்துக்கொண்டிருந்தவரும் சேர்ந்து விழுகிறார். அப்புறம், பயம் வந்துவிட்டால் நம்பிக்கை போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. அச்சம் கலக்காத நம்பிக்கையே கிடையாது என்றவர் பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஸ்பினோசா.

பண்டைய கிரேக்க, ரோமானிய மரபான ஸ்டோயிக் தத்துவம் படிப்பவர்கள் வேறொரு இடத்தில் சறுக்குகிறார்கள். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கச் சொன்ன ஸ்டோயிக் ஆசான் எபிக்டெட்டஸை, எதற்கும் அசையாமல் இருக்கச் சொன்னவராக ஆக்கிவிடுகிறார்கள். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற அந்த மனிதர், சிலையைப் போல உணர்ச்சியற்று இருக்கக்கூடாது, மகனாக, சகோதரனாக, தந்தையாக, குடிமகனாக உறவுகளைப் பேண வேண்டும் என்றே சொன்னார். அழுகையை அடக்குவதற்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம்.

துக்கத்தை அவசரப்படுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இழந்தவரிடமிருந்து மனம் தன் பற்றைச் சிறிது சிறிதாக, மிகுந்த வலியோடு விலக்கிக்கொள்கிறது. அந்த வேலை முடிந்ததும் மறுபடி சுதந்திரமாகிறது என்று ஃப்ராய்ட் 1917-இல் எழுதினார். இதில் குறுக்கிடுவது பயனற்றது, தீங்காகவும் முடியலாம் என்றும் அதே கட்டுரையில் சொன்னார். பலருக்கு முதல் பாதி மட்டும்தான் நினைவிருக்கிறது. 'இன்னும் ஏன் மீளவில்லை?' என்று தங்களையே விரட்டுகிறார்கள். 1920-இல் ஃப்ராய்டின் மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சாவில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் எழுதிய கடிதத்தில் தொனியே வேறு: கடுமையான துக்கம் தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, இழந்தவருக்கு மாற்றும் கிடைக்காது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஏனென்றால் விட மனமில்லாத அன்பு தொடர அது ஒன்றே வழி. மீள்வது என்றால் மறப்பது என்று நினைப்பவர்கள் 1917-ஐப் படித்துவிட்டு 1929-ஐ விட்டுவிட்டவர்கள்.

எல்லாவற்றுக்கும் குழந்தைப் பருவத்தைக் காரணம் காட்டுவது இன்னொரு பழக்கம். வேலையை இழந்தவருக்கு முதலில் தேவை வருமானம்; அப்பாவைப் பற்றிய ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும். தூக்கம், பசி எல்லாம் கெட்டு, தன்னையே ஓயாமல் குற்றம் சாட்டும் நிலையோ, சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் நுட்பமானது. எதற்காக நம்புகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் நம்பிக்கை வைக்கலாம் என்ற எண்ணம். வேட்டையாடி வாழ ஆதாரமாக இருந்த காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து, அமெரிக்காவின் க்ரோ பழங்குடியினரின் வாழ்க்கைமுறையே குலைந்தது. அதன் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்றார் அவர்களுடைய தலைவர் ப்ளென்ட்டி கூ. தத்துவவாதியாகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த ஜொனாதன் லியர் இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு கேட்டார்: நல்ல வாழ்க்கை என்பதற்கான பழைய அளவுகோல்களே இல்லாமல் போனபின் எதை நம்புவது? இன்னும் பெயர் வைக்க முடியாத ஒரு நன்மை வரக்கூடும் என்று நம்பலாம் என்பது அவருடைய பதில். தலைவரும் அப்படித்தான் நடந்துகொண்டார்: தம் மக்களைக் கல்வி கற்கச் சொன்னார், நிலத்துக்காக வாஷிங்டனில் வாதாடினார். அது எப்படிப்பட்ட வாழ்க்கையில் கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.