மாரிக்கு முன் கூரை வேலை

திருகோணமலையில் மாரி பிடித்துவிட்டால் கூரையில் ஏற முடியாது. ஆவணி, புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

ஓட்டு வீட்டில் கூடுதலாக ஒழுகுவது முகட்டுச் சாந்து வெடித்த இடத்தில்தான். கச்சான் காற்று வீசும் கோடை வெயிலில் அது மயிரிழையாய்ப் பிளக்கும். காற்றோடு அடிக்கும் வாடை மழை அதற்குள் நேரே புகும். வெடிப்பின் மேலே சீமெந்து பூசுவது வீண், அடுத்த கோடையில் பெயர்ந்துவிடும். தளர்ந்த சாந்தைக் கொத்தி எடுத்து, தூசியைத் தட்டி, ஓடுகளை நன்றாக நனைத்து, 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு ஆற்றுமணல் கலந்து பூசுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு ஆணியையும் கம்பியையும் அரிக்கும். பூசியபின் 3 நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். இந்த வெயிலில் அதை விட்டால் செய்த வேலை முழுதும் பாழ். ஓட்டில் நேரே மிதிக்காமல் பலகை போட்டு ஏறுங்கள்.

கூரைத் தண்ணீர் வடிந்தோடும் பீலியிலுள்ள வேப்பஞ்சருகை அள்ளிவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கும் இடத்தில் தாங்குகம்பி இறங்கியிருக்கும். அதைத் தூக்கிக் கட்டாவிட்டால் நுளம்பு அங்கேதான் பெருகும்.

மிளகாய் நாற்றுமேடையும் இப்போதே போடலாம். மேடை 15 சென்ரிமீற்றர் உயரமாவது இருக்கட்டும். தண்ணீர் நின்றால் நாற்று அடியழுகிச் சாயும்.