சூரியகாந்தி விதை காயாமல் படுத்திய கதை: என் அனுபவம்

சென்னை தண்டையார்பேட்டை வீட்டு மாடித் தொட்டியில் பூத்த நாலு சூரியகாந்தியிலிருந்து உதிர்த்த விதை. சித்திரை வெயிலில் ஒரு வாரம் காயவைத்தும் ஓடு நமத்தே இருந்தது. டப்பாவில் போட்ட முதல் கைப்பிடி பூசணம் பிடித்துவிட்டது.

வெயில் போதவில்லை என்று நினைத்து, பொழுது சாயும்வரை மாடியிலேயே விட்டேன். பயனில்லை. இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். அதுவும் சரிவரவில்லை. வாணலியில் சூடு காட்டியதில் ஓடு கருகியது, பருப்பு ஈரமாகவே இருந்தது.

எட்டாம் நாள் தற்செயலாக 11 மணிக்கு ஒரு விதையை வளைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தது. அதே தட்டில் மாலை 5 மணிக்கு எடுத்தது ஒடியாமல் வளைந்தது. அதாவது, காய்ந்த விதை திரும்ப நமத்துப் போயிருக்கிறது! கோடையில் நம் பக்கம் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்துவிடும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்றில் ஈரம் ஏறும், அதை ஓடு உறிஞ்சிக்கொள்ளும்.

மறுநாள் தட்டில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, பழைய வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினேன். காலை 8 மணிக்கு வைத்து, கடற்காற்று தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்து, கால் மணி நேரம் ஆறவிட்டு எவர்சில்வர் தூக்கில் இறுக்கி மூடினேன். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து விதையிலேயே சொட்டும், கவனம். மூன்று நாள் இப்படி. இப்போது மாலையில் எடுத்து வளைத்தாலும் ஒடிகிறது. அப்பாடா!