சிட்டுக் குஞ்சுக்குச் சரி, முயல் குட்டிக்குப் பிழை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பால்கனிச் செம்பருத்தியில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்து, பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு கூடு தைத்திருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அதைப் ‘பட்டிச்சா’ என்பார். மழை பெய்த மறுநாள் ஒரு குஞ்சு தரையில் கிடந்தது. இறகில்லை, கண் திறக்கவில்லை. அதே வாரம் வவுனியாவிலிருந்து வந்த சித்தப்பா அட்டைப்பெட்டியில் ஒரு காட்டு முயல் குட்டியோடு வந்து இறங்கினார். “புல்லுக்க தனியாக் கிடந்தது, தாய் விட்டுட்டுப் போட்டுது போல.”

இரண்டையும் அநாதை என்று ஒரே தராசில் வைத்தோம். அங்கேதான் பிழை விட்டோம்.

குஞ்சு உண்மையிலேயே ஆபத்தில் இருந்தது. கையால் எடுத்துக் கூட்டில் விட்டிருக்கலாம். மனித வாசம் பட்டால் தாய் சேர்க்காது என்று அம்மம்மா தடுத்தது வெறும் நம்பிக்கை. இதுவே இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் திரியும் குஞ்சென்றால் தொடவே வேண்டாம். அது பறக்கப் பழகுகிறது, தாயும் தகப்பனும் பக்கத்து மரத்தில்தான் இருக்கும்.

முயல் கதை வேறு. காட்டு முயல் வளை தோண்டாது. குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்லுக்குள் அசையாமல் பதுங்கியிருக்கும். தாய் வேண்டுமென்றே தள்ளி நிற்கும், நரியோ நாயோ மோப்பம் பிடித்து வந்துவிடக் கூடாதே. பொழுதுபட்ட பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதாவது, தனியாகக் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. கடையில் வாங்கும் வளர்ப்பு முயலின் குட்டி உரோமமில்லாமல், கண்மூடிப் பிறப்பது. அந்த வகையில் அது சிட்டுக் குஞ்சுக்குத்தான் கிட்ட. அதை வளர்த்த அனுபவத்தைக் காட்டு முயலிடம் காட்டக் கூடாது.

நாங்கள் முயல் குட்டிக்குப் பசும்பால் கொடுத்தோம். மூன்றாம் நாள் வயிறு ஊதிச் செத்துப்போனது. குஞ்சின் அலகுக்குள்ளும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால் திறந்திருப்பதும், தண்ணீர் அதற்குள் போய்விடக்கூடும் என்பதும் அப்போது தெரியாது.

காயம் இருந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல் பட்ட இடம் சீக்கிரம் சீழ்பிடிக்கும். காற்றுத் துளையிட்ட பெட்டியில், இருட்டாக, சூடாக வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.