ஒன்பதாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளைகளைச் சாரணர் படையில் சேர்ப்பது எப்படி?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை, கழுத்து ஸ்கார்ஃபைக் காட்டினாலே கை தூக்கிவிடுவார்கள். ஒன்பதாவதோ பிளஸ் ஒன்னோ படிக்கிற பையன் அப்படி இல்லை. ஓரமாக நின்று பார்ப்பான், "சின்னப் பிள்ளையளுக்கு உள்ளதுல்லா சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயது முடிந்ததிலிருந்து 17 வரை சாரணர், வளர்ந்தவர்களுக்கு 25 வரை திரி சாரணர் (ரோவர்) பிரிவு. ஆனால் நம் குமரி மாவட்டத்தில் நான் பார்த்த பல படைகள் எட்டாம் வகுப்போடு கரைந்துவிடுகின்றன. வளர்ந்த பிள்ளைக்கு வளர்ந்தவர் செய்கிற வேலையை நாம் கொடுப்பதில்லை என்பதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகப் படைப் பொறுப்பை ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடிப்படைப் பயிற்சியும் மாவட்டச் சங்கத்தில் பதிவும் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: நேரத்தை அவர்களிடமே கேளுங்கள்

சனிக்கிழமை காலை டியூஷன், ஞாயிறு காலை கோயில், மறைக்கல்வி. தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்கள் என்றால் சாயங்காலம் கால்பந்து, அதோடு போட்டி போடவே கூடாது. மிச்சம் இருக்கிற ஒன்றரை மணி நேரம் எது என்று கேட்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மேடையில் பேசாதீர்கள், கூட்டாளிகளாகக் கூப்பிடுங்கள்

காலை வழிபாட்டில் நின்று சாரணியத்தின் சிறப்புகளைப் பேசினால் இந்த வயதுப் பிள்ளை வராது. வகுப்பில் மற்றவர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்று கொஞ்ச நாள் கவனியுங்கள். அது எப்போதும் முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளையாக இருக்காது, பல நேரம் கடைசி பெஞ்சில்தான் இருக்கும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு பேரைக் கூட்டிட்டு வா, ஒரு வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். தனியாக வருகிற பிள்ளை ரெண்டாம் வாரம் நின்றுவிடும். கூட்டாளியோடு வந்தால் நிற்காது.

படி 3: முதல் நாளே அடுப்பு மூட்டுங்கள்

முதல் நாளில் சல்யூட், உறுதிமொழி, கொடிப்பாட்டு எதுவும் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மூன்று கம்பும் கொஞ்சம் கயிறும் கொடுங்கள். கம்புகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஓரத்துக் கம்பில் கிளவ் ஹிட்ச் (கம்பை ரெண்டு தடவை சுற்றி இறுக்குகிற) முடிச்சைப் போட்டு, கயிற்றை ஒரு கம்புக்கு மேலே அடுத்ததற்குக் கீழே என்று ஆறேழு தடவை பின்னச் சொல்லுங்கள். அப்புறம் கம்புகளுக்கு இடையில் ரெண்டு சுற்று இறுக்கி, திரும்பவும் கிளவ் ஹிட்ச் போட்டு முடிக்க வேண்டும். நிமிர்த்திக் காலை விரித்தால் முக்காலி. ரொம்ப இறுக்கிவிட்டால் கால் விரியாது, தளர்ந்தால் சரிந்துவிடும், அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் அவிழ்த்துக் கட்டிக் கொடுக்காதீர்கள். அதில் பானையைத் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரமும் கழுவி வைத்தால் அன்றைய கூட்டம் முடிந்தது. சீருடைப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். உறுதிமொழி ஏற்கும்போதுதான் அது தேவை.

படி 4: தனி அணி அமையுங்கள்

பிளஸ் ஒன் பையனை ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கீழே நிறுத்தாதீர்கள், அந்தச் சின்னவன் சீனியர் சாரணனாகவே இருந்தாலும் சரி. பெரிய பிள்ளைகள் ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து ஒரு அணி, தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 1907ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையனின் பொறுப்பில்தான் விட்டார்.

படி 5: ஊருக்குத் தேவைப்படுகிற வேலையைக் கொடுங்கள்

2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அடித்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததையும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாததையும் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ரெண்டு கம்பும் ஒரு போர்வையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வது, முக்கோணத் துணியால் கையைக் கட்டித் தொங்கவிடுவது இதையெல்லாம் பழக்கிவிட்டு, தங்கள் தெருவில் எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், மழை நேரத்தில் அவர்களை யார் தூக்குவது என்று ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலோடு திரும்பி வருகிற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பாருங்கள், அதற்குமேல் நான் சொல்ல எதுவுமில்லை.

படி 6: வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்

"மார்க் குறைஞ்சிரும்" என்பதுதான் அம்மா அப்பாவின் பயம். அதைத் தட்டிக்கழிக்காமல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பரீட்சை மாதத்தில் கூட்டம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டுதான், ஆனால் இடங்கள் ரொம்பக் குறைவு. விருது விஷயத்திலும் அப்படித்தான். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்கிற பயிற்சிப் படிகளை ஒவ்வொன்றாக முடித்த பிறகுதான் ஆளுநர் விருது. பதினைந்து வயதில் சேர்கிற பிள்ளைக்குக் காலம் நெருக்கடி என்பதை மறைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்குச் சாரணியர் பிரிவில் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், கூட்டம் இருட்டுவதற்கு முன் முடிய வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே போனால் குறைந்தது ரெண்டு பெரியவர்கள் கூடவே இருங்கள். கோதையாறானாலும் கடலானாலும் உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் ஜனவரியில் நின்றுவிடுவார்கள். பெயரை வெட்டாதீர்கள். பரீட்சை முடிந்ததும் திருவட்டாறிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு ஒரு காலை நடை வையுங்கள். பாலத்தின் தூண் எவ்வளவு உயரம் என்று ஒரு கம்பையும் அதன் நிழலையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்லலாம். பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேரப் போகிற கூட்டாளி யாராவது இருந்தால் அவனையும் கூட்டி வரட்டும், வீட்டுச் சம்மதக் கடிதம் மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.